சுங்கை பூலோவில் குழுவாக ஆய்வு: பறவை எண்ணுவதிலிருந்து பெரியவர்களின் நினைவைப் பதிவது வரை

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் மரபையும் உயிரினங்களையும் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து ஆய்வு செய்வதுதான் வழக்கம். அந்த இடத்துக்கு அது பொருந்தாத முறை. இன்று உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் கூட்டமாக ஒதுங்கும் குளங்கள் இயற்கையாக உண்டானவை அல்ல. இறால் வளர்க்க மனிதர்கள் கண்டல் (அலையாத்தி) காட்டை வெட்டி, மண்கரை கட்டி, மதகு வைத்த குளங்கள் அவை. கடல்மட்டம் உயர்ந்து அலை ஏறும்போது மதகைத் திறந்தால் கடல்நீரோடு இறால் குஞ்சுகளும் உள்ளே வரும். மூடி வைத்து, வளர்ந்ததும் அலை இறங்கும் நேரத்தில் மதகில் வலை கட்டித் திறந்தால் அறுவடை. அதே மதகுகளைக் கொண்டுதான் இன்று காப்பகத்தார் பறவைகள் நிற்கும் அளவுக்கு நீர்மட்டத்தை வைத்திருக்கிறார்கள். குளத்தின் கதை தெரியாதவருக்குப் பறவை ஏன் அங்கே நிற்கிறது என்பது புரியாது. ஆகவே குழு ஒன்று, நோட்டுப்புத்தகமும் ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது.

அடிப்படை விவரங்கள் இவை. மலாயில் சுங்கை என்றால் ஆறு, பூலோ என்றால் மூங்கில். 1986இல் மலாயன் நேச்சர் சொசைட்டியின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் இந்த இடத்தின் அருமையைக் கண்டுகொண்டு, பாதுகாக்கும்படி அரசாங்கத்திடம் கேட்டார்கள். 1989இல் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவானது. 1993 டிசம்பர் 6இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2002 ஜனவரி 1இல் 130 ஹெக்டர் பரப்புடன் சட்டப்படி இயற்கைக் காப்பகமாயிற்று. 2003இல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதியும் கிடைத்தது.

முதலில் கேள்வி, பிறகு அனுமதி

“சுங்கை பூலோவின் பல்லுயிர்கள்” என்று தலைப்பு வைத்த குழுக்கள் பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிடும். எதை எண்ணுவது என்பதே யாருக்கும் தெரியாது. ஒரு பருவத்துக்குள் பதில் கிடைக்கக்கூடிய கேள்வியாக எடுங்கள். உதாரணமாக: அலை உச்சத்தில் இருக்கும்போது எந்தக் குளத்தில் எத்தனை பவளக்காலி உள்ளான்கள் ஒதுங்குகின்றன? அந்தக் குளங்கள் எப்போது, எப்படி வெட்டப்பட்டன, எப்போது கைவிடப்பட்டன? இந்த இரண்டுமே எட்டு பேர் கொண்ட ஒரு குழுவுக்குப் போதும்.

நாம் தமிழ்க் குழு என்பதற்காக, இங்கே தமிழர்கள் வாழ்ந்தார்கள், உழைத்தார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு தொடங்காதீர்கள். இருந்திருந்தால் ஆவணமும் நினைவும் சொல்லும். இல்லையென்றால் “தேடினோம், கிடைக்கவில்லை” என்று எழுதுவதும் ஆய்வுதான்.

இயற்கைக் காப்பகத்துக்குள் கணக்கெடுப்பு நடத்தத் தேசியப் பூங்காக் கழகத்திடம் ஆய்வு அனுமதி பெற வேண்டும். இலைகூடப் பறிக்கப் போவதில்லை, பார்த்து எழுதத்தான் போகிறோம் என்றாலும் முதலில் கேட்டுவிடுங்கள். விண்ணப்பத்தில் நோக்கம், முறை, நாள்கள், ஆள்களின் பெயர்கள், எந்தெந்தப் பாதைகள் என்ற விவரங்கள் தெளிவாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பு செப்டம்பரில் தொடங்குகிறது என்றால் ஜூனிலேயே அனுப்புங்கள். “வாரந்தோறும் வருவோம்” என்று மொட்டையாக எழுதினால் விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். தேதிப் பட்டியலோடு அனுப்பினால் வேலை சீக்கிரம் முடியும்.

காப்பகத்தில் செடியை வெட்டுவதும், உயிரினங்களைப் பிடிப்பதும், எதையாவது எடுத்துச் செல்வதும் பூங்காக்கள், மரங்கள் சட்டத்தின்கீழ் குற்றம். 50,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். கீழே கிடக்கும் சிப்பிக்கும் இது பொருந்தும். பிள்ளைகளை அழைத்து வரும் குழுக்கள் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். காட்டு விலங்குகளுக்கு உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். டிரோன் வேண்டாம். பறவையை வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்க விடவும் வேண்டாம்.

அலைப் பட்டியலைப் படிப்பது

இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். கரைப்பறவைகள் சேற்றுத்திட்டு வெளியே தெரியும்போது அங்கே இரை தேடும். அலை ஏறி மண்டாய், கிராஞ்சிப் பக்கத்துச் சேறு மூழ்கும்போது சுங்கை பூலோவின் குளங்களுக்கு வந்து ஒதுங்கும். அலை இறங்கிய நேரத்தில் குளத்துக்குப் போய் “ஒரு பறவையும் இல்லை” என்று எழுதினால், அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தமே கிடையாது.

சிங்கப்பூரில் பெரும்பாலான நாள்களில் அலை இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் அதிகம். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் பார்த்தே நாள்களைக் குறிக்கத் தொடங்கலாம். நேரத்தையும் உயரத்தையும் மட்டும் அதிகாரபூர்வ அலைப் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பல நிலையங்கள் இருக்கும். தெற்குக் கரை நிலையத்தின் நேரத்தை காப்பகம் இருக்கும் வடக்குக் கரையின் ஜொகூர் நீரிணைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. அருகில் உள்ள நிலையத்தை எடுத்து, முதல் இரண்டு முறையும் நேரில் சரிபாருங்கள். ஏற்கெனவே நிற்கும் ஒரு மதகுத் தூணைத் தேர்ந்தெடுத்து, தண்ணீருக்கு மேல் அதன் எத்தனை போல்ட் தலைகள் தெரிகின்றன என்று 15 நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் உண்மையான உச்ச நேரம் கிடைத்துவிடும். சொந்தமாகக் குச்சி நடாதீர்கள், தூணில் சாயம் பூசாதீர்கள்.

வலசைப் பருவம் செப்டம்பர் முதல் மார்ச் வரை. மாதத்துக்கு இரண்டு முறை என்றால் ஏழு மாதங்களில் 14 எண்ணிக்கைகள். காப்பகம் காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். அலை உச்சம் அந்த நேரத்துக்குள் விழும் நாள்களை மட்டும் எடுங்கள். எல்லாருக்கும் வசதி என்று எப்போதும் ஞாயிறு காலை 8 மணிக்கே போகும் குழுக்கள் உண்டு. அவர்கள் எண்ணுவது தங்கள் ஓய்வு நேரத்தைத்தான்.

எண்ணும் முறை

ஓர் அணிக்கு மூவர்: ஒருவர் பார்ப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் நேரத்தையும் சுற்றுப்புறத்தையும் கவனிப்பார். பார்ப்பவர் கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமல் வாயால் சொல்ல வேண்டும். தானே எழுதிக்கொள்பவர் ஒவ்வொரு முறை குனியும்போதும் கூட்டத்தின் ஓரத்தைத் தவறவிடுவார். கருவி என்று பார்த்தால் 8×42 இருகண் தொலைநோக்கி போதும். குளத்தின் மறுகரைக்கு மட்டும் முக்காலியோடு கூடிய ஒற்றைத் தொலைநோக்கி தேவைப்படும். அது குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும். எழுத 2பி பென்சில். பேனா மை மழையில் கரையும், வியர்வைக் கையிலும் கரையும்.

நிலையான ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் சரியாக 10 நிமிடம். உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன் தொடங்கி ஒரு மணி நேரம் பின் முடியுங்கள். நல்ல பறவை வந்துவிட்டது என்று 25 நிமிடம் நின்றுவிட்டு அதையும் “10 நிமிடம்” என்று எழுதுவதைவிட, நின்ற நேரத்தை உள்ளபடி எழுதிவிடுவது மேல்.

பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணாதீர்கள். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் வைத்து, கூட்டம் முழுவதையும் பத்துப் பத்தாக அளந்து செல்லுங்கள். இருவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் எண்ணி எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். இடைவெளி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் மறுபடி எண்ணுங்கள். முதலாமவர் “ஒரு இருநூறு இருக்கும்” என்று உரக்கச் சொல்லிவிட்டால் இரண்டாமவர் கணக்கும் இருநூற்றிலேயே போய் நிற்கும்.

இரட்டைக் கணக்குதான் பெரிய ஆபத்து. 10:10க்கு முதல் குளத்தில் 42 பவளக்காலிகள். ஒரு கழுகு வர எல்லாம் எழும்பிக் கிழக்கே போகின்றன. 10:25க்கு இரண்டாம் குளத்தில் 60. கூட்டி 102 என்று எழுதக்கூடாது. அந்த 60க்குள்ளேயே முந்தைய 42ம் இருக்கலாம். பறந்த திசையையும் நேரத்தையும் எழுதியிருந்தால்தான் இதைப் பின்னால் தீர்க்க முடியும். ஆள் இருந்தால் இரண்டு அணிகள் ஒரே நேரத்தில் இரண்டு குளங்களை எண்ணுவது சிறந்தது.

அடையாளத்தில் வழக்கமாகக் குழம்பும் இடம் பவளக்காலியும் பச்சைக்காலியும். பெயரில் கால் நிறம் இருப்பதால் எல்லாரும் காலையே பார்க்கிறார்கள். சேற்றில் நடந்துவிட்டு வந்த பறவைக்குக் கால் சாம்பலாகத்தான் தெரியும். இளம் பவளக்காலியின் கால் ஆரஞ்சு மஞ்சளாகவும் இருக்கும். அலகைப் பாருங்கள்: பவளக்காலிக்கு நேரான அலகு, அடியில் சிவப்பு. பச்சைக்காலிக்குச் சற்றே மேல்நோக்கி வளைந்த, தடித்த அலகு. பறக்கும்போது பவளக்காலியின் இறக்கைப் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். பச்சைக்காலிக்கு இறக்கை முழுதும் கருமை, முதுகில்தான் வெள்ளை. அதிலும் தெரியவில்லையா? “உள்ளான், இனம் தெரியவில்லை: 7” என்று எழுதுங்கள். அனுபவசாலி அணியின் படிவங்களில் இந்த வரி அடிக்கடி வரும். கற்றுக்குட்டி அணியின் படிவத்தில் ஒருமுறைகூட வராது.

ஒரு படிவத்தின் வரி இப்படி இருக்க வேண்டும்: 2ஆம் குளம், 10:20–10:30, அலை ஏறுகிறது, தூணில் 4 போல்ட் தெரிகிறது, மேகம் எட்டில் ஆறு, பவளக்காலி 60, பச்சைக்காலி 0, சின்னக் கோட்டான் 3, தொந்தரவு: நீர்நாய்கள் குறுக்கே நீந்தின, 10:23. அந்த 0 முக்கியம். வெற்றிடம் விட்டால் பார்க்கவில்லையா, பார்த்தும் இல்லையா என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

மரங்கள்: தெரிந்த பெயர்களிலிருந்து தொடங்குங்கள்

பறவை அளவுக்கு இதில் அவசரம் இல்லை. மரம் எங்கும் ஓடாது. தமிழ்க் குழுவுக்கு ஒரு வசதியும் உண்டு. நெய்தல் பாட்டுகளில் வரும் பெயர்களில் சில இங்கே உயிரோடு நிற்கின்றன.

தில்லை அப்படி ஒன்று. சிதம்பரத்துக்கு அந்தப் பெயர் வரக் காரணமான அதே மரம். மலாயில் இதற்கு பூத்தா பூத்தா என்று பெயர். பூத்தா என்றால் குருடு. இலையையோ கிளையையோ ஒடித்தால் வடியும் வெள்ளைப் பால் கண்ணில் பட்டால் சில காலம் பார்வை போகும், தோலில் பட்டால் கொப்புளம். ஆகவே ஒடித்துப் பார்த்து அடையாளம் காண வேண்டாம். உதிரும் முன் இலை சிவக்கும் என்பதால் மரத்தடியில் கிடக்கும் செவ்விலைகளே போதுமான துப்பு. தப்பித் தவறிப் பால் பட்டுவிட்டால் நிறைய நல்ல தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள்.

பூவரசும் நீர்ப்பருத்தியும் ஒரே மாதிரி மஞ்சள் பூ பூக்கும். இலையின் அடிப்பக்கம் பாருங்கள்: நீர்ப்பருத்திக்கு வெளுத்து நுண்மயிரோடு இருக்கும், பூவரசுக்கு இரு பக்கமும் வழவழப்பு. பெரியவர்களிடம் பேசப் போகும்போது பூவரசு இலைப் படம் ஒன்றைக் கொண்டு போங்கள். பீப்பி செய்து ஊதிய கை எதுவாக இருந்தாலும் அதைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிடும்.

கண்டல் வகைகளை வேரை வைத்துப் பிரிக்கலாம்: ஊன்றுகோல் போல வளைந்து இறங்கும் வேர், பென்சில் நட்டது போல நிமிர்ந்த வேர், மடக்கிய முழங்கால் போன்ற வேர். மூன்றையும் மரப்பாலத்தில் நின்றபடியே பார்க்கலாம். சேற்றில் இறங்காதீர்கள். இங்கே உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. உடும்பையும் முதலையையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி இழுத்தால் உடும்பு. எதுவாக இருந்தாலும் நீரோரம் போகாதீர்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுவதென்றால் மரத்துக்கு நான்கு படங்கள்: முழு மரம், இலையின் இரு பக்கம், பூ அல்லது காய், வேர். இபேர்ட் செயலியில் பறவைப் பட்டியலை முடிக்கும்போது, அடையாளம் கண்ட எல்லாவற்றையும் எழுதினீர்களா என்று கேட்கும். அழகான பறவைகளை மட்டும் குறித்துவிட்டு “ஆம்” என்று அழுத்திவிடாதீர்கள். ஆபத்திலிருக்கும் இனங்களின் துல்லிய இடத்தைப் பொதுவில் காட்டவேண்டாம். கூண்டுப் பறவை வியாபாரத்துக்காகப் பிடிப்பவர்களும் இதே தளங்களைப் பார்க்கிறார்கள்.

பழைய காகிதங்களில் தேடுவது

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசும் ஆங்கில நாளிதழ்களும் கிடைக்கும். சில ஆண்டுகளின் இதழ்களை நூலகத்தில் உள்ள கணினியில் மட்டுமே திறக்க முடியும். இரண்டு பொறிகளைக் கவனியுங்கள். முதலாவது பெயர். சிலாங்கூரிலும் ஒரு சுங்கை பூலோ இருக்கிறது, 1930இல் தொடங்கிய புகழ்பெற்ற தொழுநோயாளர் குடியிருப்போடு. பெயரை மட்டும் போட்டுத் தேடினால் வருவதில் பெரும் பகுதி அந்த ஊர்ச் செய்திதான். கூடவே கிராஞ்சி, லிம் சூ காங் போன்ற பக்கத்து இடப்பெயரையோ இறால் என்ற சொல்லையோ சேருங்கள். இரண்டாவது எழுத்து. பழைய அச்சில் ணை, லை, றா போன்றவை வேறு வடிவில் இருக்கும். கணினி அவற்றைத் தப்பாகப் படிக்கும். “கிராஞ்சி”, “கிரஞ்சி” என்று எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். சொல்தேடல் கைவிட்டால் தேதியைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி.

தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் நில வரைபடங்களும், பிரிட்டிஷ் விமானப்படை 1940களிலிருந்து எடுத்த வான்படங்களும் உள்ளன. குளங்கள் எப்போது வந்தன என்ற கேள்விக்கு இவையே நேரடி சாட்சி. ஒரே ஆற்று வளைவை அடையாளமாக வைத்துப் பல ஆண்டுகளின் படங்களை அடுக்குங்கள். கருமையாகத் தெரிந்த காடு, நேர்க்கோட்டுக் கரைகளோடு பளபளக்கும் கட்டங்களாக மாறும் இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். “இந்த ஆண்டு வெட்டினார்கள்” என்று எழுதாதீர்கள். “இந்தப் படத்துக்கும் அந்தப் படத்துக்கும் இடையில்” என்பதே சரி.

பெரியவர்களிடம் பேசுவது

“அந்தக் காலத்தில இங்க நிறைய பறவை இருந்துச்சா தாத்தா?” என்று கேட்டால் “ஆமாய்யா, நிறைய இருந்துச்சு” என்ற பதிலே வரும். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. வேலையைப் பற்றிக் கேளுங்கள். “மதகை எந்த நேரத்துல தொறப்பாங்க தாத்தா? வலையை யார் பிடிப்பா? வந்த இறாலை எங்க கொண்டுபோய்ப் போடுவாங்க?” கை செய்த வேலையைப் பற்றிச் சொல்லும்போது பறவையும் பாம்பும் கொசுவும் தாமாக வந்து விழும்.

ஆண்டை நேரடியாகக் கேட்டால் தடுமாறுவார்கள். எல்லாரும் அறிந்த நிகழ்ச்சியோடு கட்டுங்கள்: இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த கன்ஃபிரன்டாசி சமயத்திலா, 1965 பிரிவினைக்குப் பிறகா, 1978 டிசம்பர் பெருவெள்ளத்துக்கு முன்பா, 1986இல் ஹோட்டல் நியூ வொர்ல்ட் இடிந்தபோது கம்பத்து (கிராமத்து) வீட்டில் இருந்தீர்களா, அடுக்குமாடிக்கு வந்துவிட்டீர்களா? இப்படிக் கேட்டால் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பிடித்துவிடலாம்.

ஒரு பேட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மின்விசிறியைக் குறைத்து, முப்பது விநாடி பதிந்து கேட்டுப் பார்த்த பிறகு தொடங்குங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வைத்து, வாசித்துக் காட்டி, மூன்று தெரிவுகள் கொடுங்கள்: பெயரோடு வெளியிடலாம், பெயரில்லாமல் வெளியிடலாம், குழுவுக்கு மட்டும். பிறகு மனம் மாறினால் யாரிடம் சொல்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். பிள்ளைகள் அருகில் அமர்ந்து “அப்பா, அப்படி இல்லப்பா” என்று திருத்திக்கொண்டே இருந்தால் பேட்டி கெடும். அவர்களைத் தனியாக இன்னொரு நாள் பேச வைக்கலாம்.

எழுத்தாக்கும்போது பேசியதைப் பேசியபடி எழுதுங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேர வேலை பிடிக்கும். மூன்று பேட்டிகள் எடுத்து மூன்றையும் முழுதாக எழுதி முடித்த குழு, முப்பது பேட்டிகளைக் கைப்பேசியில் பூட்டி வைத்த குழுவைவிட நூறு மடங்கு மேல்.

ஒன்றாகச் சேர்ப்பது

எக்செல் தாள் ஒன்றே போதும். ஒரு வரிக்கு ஓர் இனம், ஓர் இடம், ஒரு நேரம். தேதியை 2-11-2025 என்று எழுதாமல் ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒருவருடைய கணினி நவம்பர் 2 என்று எடுத்துக்கொள்ளும், இன்னொருவருடையது பிப்ரவரி 11 என்று எடுத்துக்கொள்ளும். பெயருக்கு மூன்று பத்திகள்: தமிழ், மலாய், அறிவியல் பெயர். தமிழ்ப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், சின்னக் கோட்டான் கரைப்பறவை, ஆனால் கோட்டான் என்றால் சிலருக்கு ஆந்தை. ஆகவே கணக்குப் பார்ப்பது எப்போதும் அறிவியல் பெயரை வைத்தே. கடைசிப் பத்தியில் குளத்தின் எண். அதே எண்ணைப் பேட்டிகளிலும் வான்படக் குறிப்புகளிலும் போடுங்கள். 2ஆம் குளம் என்று வடிகட்டினால் அங்கே நின்ற பறவைகள், அந்த மதகைப் பற்றிப் பேசியவரின் வரி, அந்தக் கரை முதலில் தெரிந்த வான்படம் மூன்றும் ஒன்றின் கீழ் ஒன்றாக வர வேண்டும்.

தாள் படிவங்களை அன்று மாலையே தட்டச்சு செய்யுங்கள். எழுதியவர் தட்டச்ச, பார்த்தவர் சரிபார்க்க வேண்டும். படிவத்தைப் படமெடுத்து வைத்த பிறகும் தாளைத் தூக்கி எறியாதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்துக்கு அனுமதி நிபந்தனைப்படி அறிக்கையையும் தரவையும் அனுப்புங்கள். பேட்டி கொடுத்தவருக்கு அவர் பேச்சின் பிரதியை, படிக்கக்கூடிய பெரிய எழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுங்கள்.

மார்ச்சோடு நிறுத்திவிடாமல் ஜூனில் ஒருமுறை அதே ஐந்து இடங்களில், அதே போல அலை உச்சத்தில் எண்ணுங்கள். வடக்கே போகாமல் தங்கிவிடும் சில இளம் பவளக்காலிகள் இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். ஐந்து இடத்துக்கும் 0 வந்தாலும் ஐந்தையும் எழுதி, நேரத்தையும் போல்ட் கணக்கையும் போட்டு, மற்ற 14 படிவங்களோடு 15ஆவதாகக் கோப்பில் சேருங்கள்.